மலையேறுன கதை இருக்கு, மலையிலேயே இருந்தவங்க கதை எங்க?

கொழுந்துக்கூடை (ஞாயிறு இரவு 9.10)

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா நானே ஒரு இழை தொடங்குறேன்.

எனக்கு மூணாறு பக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) பிறந்து வளர்ந்தவ, நாலாவது தலைமுறை. போன மாசம் எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, பன்னெண்டாவது படிக்கிறா, "அக்கா, நம்மளப் பத்தி நாவல் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டா. பட்டுனு எரியும் பனிக்காடுன்னு சொல்லி என்கிட்ட இருந்த புத்தகத்தையும் குடுத்தேன். நாலு நாள்ல திருப்பிக் கொண்டுவந்து, "அழுதேன்க்கா. ஆனா இது வால்பாறை. அதுவும் வெள்ளைக்காரத் துரை காலம். நம்ம கதை எங்க?"ன்னு நின்னா.

பதில் வரல எனக்கு. புதுமைப்பித்தனோட துன்பக்கேணி இலங்கைத் தேயிலை. கோகிலம் சுப்பையாவோட தூரத்துப் பச்சையும் இலங்கை. எரியும் பனிக்காடே தோட்டத்துல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969இல் இங்கிலீஷ்ல எழுதி, பிற்பாடு இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தது. இன்னொண்ணும் தோணுச்சு. இதெல்லாம் கீழேருந்து கங்காணி பின்னாடி மேல போறவங்க கதை. போய் அங்கயே இருந்து, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையும் கொழுந்து கிள்ளி, மாரியம்மனுக்கு வருஷா வருஷம் பொங்கல் வெச்சவங்களை எழுத ஆளே இல்லையா? இல்ல எனக்குத்தான் தெரியலையா? இடுக்கி, பாலக்காடு, வயநாடு எல்லைன்னு எந்தப் பக்கத்துத் தமிழ் எழுத்தா இருந்தாலும் சொல்லுங்க.

போடிமெட்டு மணி (ஞாயிறு இரவு 9.48)

நல்ல கேள்வி தாயி. ஆனா ஒண்ணு, "மலையிலேயே இருந்தவங்க"ன்னு நீங்க பிரிக்கிறதுல எங்க ஆளுக விழுந்துருவாங்க.

போடி, தேவாரம், கம்பம் பக்கத்துல வெள்ளனா நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாருங்க. தூக்குவாளியோட பொம்பளைக ஜீப்புக்கு நிப்பாங்க. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளின்னு மூணு வழியாவும் ஏலத்தோட்டத்துக்கு ஏறுவாங்க. சாயந்தரம் இருட்டுறதுக்குள்ள இறங்கீருவாங்க. எங்கம்மா இருபத்தஞ்சு வருஷம் போச்சு. எல்லையைத் தெனம் ரெண்டு வாட்டி தாண்டுனவங்களுக்கு என்ன பேரு? புலம்பெயர்ந்தவங்களா? சாயந்தரம் வீட்டுக்கு வந்து ஒலை வெக்கிறாகளே!

தேவாரத்துக்காரங்க இன்னமும் சாக்குலூத்து மெட்டு ரோடு கேட்டுக்கிட்டுக் கெடக்காங்க. நடந்தா கிட்டக்க, வண்டியில போனா ஊரைச் சுத்தணும். இந்த எல்லை பத்தி எழுதணும்னா மொதல்ல அந்த ஜீப்புக்குள்ள உக்காந்து எழுதணும். ஒரு ஜீப்புல எத்தனை பேருன்னு சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டீங்க.

தினைப்புனம் (ஞாயிறு இரவு 10.30)

இரண்டு பேருக்கும் சேர்த்து என் கருத்து. (தமிழ் வாத்தியார், ஓய்வு பெற்றாயிற்று. நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாவலில் தேடுவதால்தான் கிடைக்கவில்லை. இந்த மலைக்குள் ஒருத்தி வந்து சேர்ந்த கதை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு பதினான்கு நாள் நடந்து மலையேறுகிறாள். வேங்கை மர நிழலில் நிற்கிறாள். அவளைப் பார்த்தவர்கள் யார்? குன்றக்குறவர்கள். அவள் யாரென்று தெரியாது, ஊர் தெரியாது, வழக்கு என்னவென்று தெரியாது. இருந்தும் இவளைப் போல் நமக்கொரு தெய்வம் இல்லை என்று அந்த இடத்திலேயே குரவை ஆடிவிடுகிறார்கள். செங்குட்டுவன் பேரியாற்றங்கரைக்கு வருவதும், யானைத் தந்தமும் அகிலும் தேன்குடமுமாகக் காணிக்கை சுமந்துபோய் இவர்கள் செய்தி சொல்வதும், அவன் இமயத்துக்குக் கல்லெடுக்கப் படை கிளப்புவதும் எல்லாம் அதற்குப் பிறகு. ராஜாவின் கோயிலுக்கு முந்தியது குறவர்களின் பாட்டு.

சங்கப் பாட்டில் குறிஞ்சி என்றால் புணர்தல், பாலை என்றால் பிரிதல். தோட்டத் தொழிலாளிக்கு மலையே பிரிவாகிவிட்டது. இதற்கும் இளங்கோ இடம் வைத்திருக்கிறார். முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்தால் பாலையாகும் என்கிறாரே, காடுகாண் காதையில். அவர் சொன்னது வெயிலை. தேயிலைக்காகச் சோலைக்காட்டை வெட்டியதற்கும் அது பொருந்துகிறது என்பது என் எண்ணம். தமிழய்யாவின் வலிந்த பொருள் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கொழுந்துக்கூடை (ஞாயிறு இரவு 10.52)

சிரிக்கல ஐயா. ஆனா இந்த "இயற்கை" விஷயத்துல எனக்கு ஒரு கோபம் உண்டு.

டூரிஸ்ட் போட்டோல தெரியுற பச்சை எங்களுக்குத் தோட்டப் பிரிவோட நம்பர். இன்னைக்கு எந்த நம்பர்ல எடுப்பு, எத்தனை கிலோ போட்டா கைக்காசு, அவ்வளவுதான். எங்க லயத்துல தேயிலையைத்தான் "காடு"ம்போம். நெசக் காட்டுக்குப் பேரு சோலை. மழைக்காலத்துல அட்டை காலுக்குள்ள ஏறும், முதுகுல படுதா, தலையில கூடைக் கயிறு. மலையைப் பத்தி எழுதுறவங்க மூடுபனியில ஆரம்பிக்கிறாங்க. மூடுபனின்னா எங்களுக்கு ஆனை நிக்கிறது தெரியாதுங்கிற பயம். நீலக்குறிஞ்சி பத்தி எழுதாதவங்களையும் எனக்குக் காட்டுங்க பார்ப்போம்! 2018இல் பூத்தப்போ அந்த வெள்ளத்துல எங்க ரோடெல்லாம் இடிஞ்சு கெடந்துச்சு. பூவைப் பார்க்க வர்றவங்களுக்கு வழியில்லன்னு டிவியில வருத்தப்பட்டாங்க. அரிசி வர வழியில்லாம இருந்தது நாங்க.

மறையூர்ச் செல்வி (திங்கள் காலை 6.20)

குறிஞ்சியை விட்டுருங்க அக்கா, அது பாவம். புல்மேட்டையெல்லாம் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரம் நட்டு முடிச்சாங்க, மிச்சத்துலதான் அது பூக்குது.

நான் அஞ்சுநாட்டுக்காரி. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரயூர், கொட்டகுடி, இந்த அஞ்சும்தான் அஞ்சுநாடு. (போடிக்கு மேல இருக்கிற கொட்டகுடி வேற. பஸ் ஸ்டாண்டுல எத்தனை பேருக்கு இதை விளக்கியிருக்கேன்னு கணக்கில்ல.) எங்களைத் தோட்டத்துக்காக யாரும் கூட்டிட்டு வரல. தேயிலைக்கு முந்தியே நெல்லும் கரும்பும் போட்ட ஊரு. வீட்டுல தமிழ், வில்லேஜ் ஆபீஸ்ல மலையாளம், சாமான் வாங்க உடுமலைப்பேட்டை.

எங்க பெரியவங்க சொல்ற கதை, மதுரைப் பக்கம் சண்டைக் காலத்துல கெளம்பி மலையேறி வந்தோம்ங்கிறது. இதை நான் ரொம்ப நாளா எங்களுக்கு மட்டும் உள்ள கதைன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா முதுவர் பழங்குடி சொல்றதும் அதேதான். மதுரையிலருந்து மீனாட்சியை முதுகுல சுமந்துட்டு வந்ததால முதுவர். அவங்க பொம்பளைக பிள்ளையை இன்னமும் முதுகுலதான் கட்டுவாங்க. ஐயா சொன்ன கண்ணகியும் மதுரையிலருந்து. இந்த மலையில யாரைக் கேட்டாலும் மதுரைன்னா என்ன அர்த்தம்?

கட்டப்பனை ஜோ (திங்கள் காலை 8.05)

என்டெ தமிழில் தவறு இருந்தால் மன்னிக்கணும். மலையாளிதான். கம்பத்துல ஏலக்காய் வியாபாரத்துக்கு வந்துபோய் தமிழ் படிச்சது.

செல்வி சேச்சிக்கு இன்னொரு மதுரை தரட்டுமா? பூஞ்ஞார் ராஜகுடும்பம் தாங்களே பாண்டிய வம்சம்னு சொல்லும். பூஞ்ஞார்ல மீனாட்சி கோயில் உண்டு. பந்தளத்து ராஜாக்களும் பாண்டிய வம்சம்னுதான் சொல்றது. கோவில்மலையில் மன்னான் சமுதாயத்துக்கு இன்னும் ராஜா உண்டு, ராஜமன்னான். அவங்க கூத்துல பாடுறது கோவலன் கண்ணகி கதை. எங்க வீட்டுலருந்து ரொம்பத் தூரம் இல்லை, சின்ன வயசுல போய்ப் பார்த்திருக்கேன். ராத்திரி முழுக்கப் பாடுவாங்க. எனக்கு அன்னைக்குத் தமிழ் தெரியாது. இது நம்ம பாஷையும் இல்லை, வேற பாஷையும் இல்லைன்னு தோணிச்சு.

எங்க அப்பச்சன் (தாத்தா) பாலா பக்கத்துலருந்து வந்தது. யுத்த காலத்து அரிசிப் பஞ்சத்துக்குப் பின்னாடி மலையில் நிலம் தெளிச்சுக் கப்பை (மரவள்ளி) நட்டவங்க. அந்தக் குடியேற்றம் பற்றி மலையாளத்துல நிறைய எழுத்து உண்டு. எஸ்.கே. பொற்றேக்காட்டின் விஷகன்யகா மலபார் மலைக்குப் போனவங்க கதை. மலையரயர் சமூகத்துக்குள்ளேருந்தே நாராயண் எழுதின கொச்சரேத்தி 1998இல் வந்தது. ஆனா உண்மை சொல்லணும். குடியேற்றக் கதைகள்ல நீங்க எல்லாம் "பாண்டி"ன்னு ஒரு வரியில் வந்து கூலி வாங்கிட்டுப் போவீங்க. வாசிக்கும்போது எனக்கே வெட்கமா இருந்திருக்கு.

போடிமெட்டு மணி (திங்கள் காலை 8.31)

ஜோ அண்ணே, வெட்கம் எதுக்கு. எங்க பக்கத்துக் கதையில நீங்க "மலையாளத்தான்"னு ஒத்த வரியில வந்து செய்வினை வெச்சுட்டுப் போவீங்க. கணக்குச் சரியாப்போச்சு.

கொழுந்துக்கூடை (திங்கள் மதியம் 1.15)

மத்தியானச் சாப்பாட்டை மறந்து படிச்சேன். ராஜா மதுரை, முதுவர் மதுரை, அஞ்சுநாடு மதுரை, கண்ணகி மதுரை. எல்லாருக்கும் ஏறி வந்த கதை ஒண்ணு இருக்கு. எங்களுக்கு மட்டும் கதைக்குப் பதிலா செக்குரோல்ல (கூலிப் பதிவேட்டுல) பேரு.

ஒரு விஷயம் உறைக்குது. தாது வருஷப் பஞ்சம் 1876 தொடங்கி 78 வரைக்கும். திருநெல்வேலி, மதுரைச் சீமை சனமெல்லாம் கஞ்சித்தொட்டிக்கு அலைஞ்ச காலம். அதே 1877இல்தான் ஜான் டேனியல் மன்றோ இந்தக் கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சார் ராஜாகிட்ட குத்தகைக்கு எழுதி வாங்கினது. கீழ பஞ்சம் தின்ன வருஷம் மேல பத்திரம் பதிவாகியிருக்கு. தேயிலைக் கம்பெனி வந்ததும் ஆளைக் கூட்டிட்டுப் போனதும் அதுக்கப்புறம் மெல்ல மெல்ல நடந்தது. ஆனாலும் ராஜா, துரை, கங்காணி, எங்க பூட்டன் நாலு பேரையும் ஒரே பக்கத்துல வெச்சு யாராவது எழுதணும்னு ஆசையா இருக்கு. அதுலயும் பாண்டிய வம்சத்து ராஜா மலையைக் குத்தகைக்கு விட, பாண்டிச் சீமைக்காரன் அங்க கூலிக்குப் போன கதை!

தோவாளைப் பிச்சி (திங்கள் மாலை 5.40)

தெக்கேருந்து நானும் வாறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைக் கோடு போட்டப்ப அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் இங்கோட்டு வந்தாச்சு. தேவிகுளமும் பீருமேடும் அங்கோட்டு நின்னுபோச்சு. எங்க தாத்தா தமிழ்நாட்டோட சேரணும்ங்கிற போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவரு. அதை நடத்துன நேசமணி பேரைச் சொன்னா எந்திரிச்சு நிப்பாரு. "பாதிதான் கிடைச்சு"ன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு. அந்தப் பாதியில இருந்தவங்க எழுத்து எங்களுக்கு வரவே இல்ல. கோட்டுக்கு அங்கோட்டு இருக்குறவன் தமிழ்ல எழுதினா அதை அச்சடிக்க மெட்ராஸ்ல யாரு இருக்கா?

பெயர் வேண்டாம் (திங்கள் மாலை 6.02)

அதான். அப்பவே தேவிகுளம் பீருமேட்டை விட்டுக்குடுத்த தலைவர்களைச் சொல்லணும். முல்லைப் பெரியாறுல இருந்து இன்னைக்கு வரைக்கும்

*(இந்தப் பதிவின் மீதி நீக்கப்பட்டது. அணைச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 340 பக்கம் ஓடிவிட்டது. இங்கே இலக்கியம் மட்டும்: நெறியாளர்)*

போடிமெட்டு மணி (திங்கள் மாலை 6.20)

நெறியாளரே, பென்னிகுக்கு பொங்கலை இலக்கியத்துல சேக்கலாமா? 1895இல் அணை கட்டினவருக்கு நாங்க இன்னமும் பானை வெக்கிறோம். பிள்ளைக்கு அவரு பேரை வெச்சிருக்கோம். வெள்ளைக்காரன் குலசாமி மாதிரி ஆனது எங்க பக்கம் மட்டுந்தான். கேட்டு வெச்சேன், கோவிச்சுக்காதீங்க.

தோவாளைப் பிச்சி (திங்கள் இரவு 8.11)

எல்லைக் கோட்டைப் பத்திப் பேசும்ப அரிக்கொம்பன் ஆனையை விட்டுட்டீங்களே. 2023 ஏப்ரல்ல சின்னக்கானல்ல மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டுல விட்டாச்சு. அவன் மே மாசமே கம்பம் தெருவுல ஓடினான். ஜூன்ல மறுபடியும் ஊசி, இங்க மேல்கோதையார்ல கொண்டுவந்து விட்டாவ. லாரியில ஏத்தி, பாஷை தெரியாத ஊருல இறக்கி, இதுதான் உனக்க இடம்னு சொன்னா அது என்னது? ஜோ அண்ணன் சொன்ன குடியேற்றக் கதைதான். பிடிச்சது அரிசி, அதனால பேரே அரிக்கொம்பன். இங்கேயும் அவன் வந்த வாரம் எங்க பக்கத்துல அத்தனை பேரும் ரேஷன் அரிசியை மச்சுல ஏத்தி வெச்சோம்.

கவிக்காரன் (செவ்வாய் காலை 7.00)

நான் கவிங்கிற ஊர்ல பிறந்தவன். பத்தனந்திட்டை மாவட்டம், பெரியாறு காட்டை ஒட்டினது. எங்க தாத்தா பாட்டி இலங்கை மலைநாட்டுலருந்து வந்தவங்க. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல நாடு திரும்பினவங்கன்னு பேரு. "திரும்பின"ங்கிற சொல்லை என் பாட்டி ஒத்துக்க மாட்டா. அவ பிறந்ததே அங்கதான், திரும்பினது எங்க? கேரளத்து வனவளர்ச்சிக் கழகம் ஏலத்தோட்டத்துல வேலை குடுத்துக் கவியில் குடிவெச்சது. புனலூர் பக்கம் ரப்பருக்கும் ஒரு கூட்டம் போச்சு.

முதல் பதிவுல துன்பக்கேணி இலங்கைக் கதை, நம்ம கதை இல்லன்னு எழுதியிருந்தீங்க. எங்களுக்கு அது குடும்பக் கதை. அங்க முடிஞ்சதுன்னு நீங்க நெனச்ச கதையோட அடுத்த பாகம் பத்தனந்திட்டை மாவட்டத்துல நடந்துட்டு இருக்கு.

பாட்டி பேசுற சொல்லைக் கொஞ்சம் குறிச்சு வெச்சிருக்கேன். வீட்டு அறைக்குக் காம்பரா. காலையில ஆள் கூடுறதுக்குப் பிரட்டு. தேயிலைச் செடி வெட்டுறதுக்குக் கவ்வாத்து. மூணாறுல இதெல்லாம் உண்டா?

கொழுந்துக்கூடை (செவ்வாய் காலை 7.35)

கவ்வாத்து அப்படியே இருக்கு! லயமும் இருக்கு. காம்பரா எங்க பக்கம் கேட்டதில்ல. காலையில நாங்க மஸ்டர்ம்போம். ஒரே கங்காணி சொல்லு கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கு பாருங்க. முதல் பதிவுல எழுதினதுக்கு மன்னிச்சுக்கோங்க தம்பி. தம்பியா அண்ணனா?

கவிக்காரன் (செவ்வாய் காலை 7.41)

தம்பிதான்க்கா. 24.

தினைப்புனம் (செவ்வாய் காலை 11.20)

ஜோ சொன்ன மன்னான் கூத்தைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டும். அது சிலப்பதிகாரத்திலிருந்து இறங்கியது என்று எங்கள் வட்டாரத்தில் சிலர் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மலைக்குறவர் தாங்கள் கண்டதை வந்து சொன்னதிலிருந்துதான் சிலப்பதிகாரப் பதிகமே தொடங்குகிறது. அப்படியானால் எது எதிலிருந்து வந்தது? பாட்டு முந்தியா, ஏடு முந்தியா? ஏட்டில் ஏறாத எதையும் "மருவல்" என்று தள்ளும் பழக்கத்தை நானே முப்பது வருடம் வகுப்பில் செய்தேன்.

கொழுந்துக்கூடை அம்மா, உங்கள் லயத்தில் ஒப்பாரி சொல்பவர்கள் இருந்தார்களா? தாலாட்டு? அதில் ஊர்ப்பெயர் வருமா?

கொழுந்துக்கூடை (செவ்வாய் இரவு 10.05)

இருந்தாங்க ஐயா. எங்க ஆச்சியே சொல்லும். நீங்க கேட்டதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். ரெண்டு மணி நேரம் பேசினோம், அதான் லேட்டு.

ஆச்சிக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். அதோட அப்பா போடியிலருந்து கொட்டகுடி வழியா டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறினவர். 1924 வெள்ளம், மலையாளத்துக்காரங்க தொண்ணூத்தொன்பது வெள்ளம்பாங்களே, அதுக்கு முந்தி டாப் ஸ்டேஷனுக்கு ரயில் ஓடுச்சு. தேயிலைப் பெட்டி அதுல போகும், அங்கேருந்து கொட்டகுடிக்குக் கம்பியில தொங்கி இறங்கும். வெள்ளத்துல தண்டவாளமே போச்சு, திரும்பப் போடவே இல்ல. பெட்டி கம்பியில இறங்குச்சு, நாங்க காலால ஏறுனோம்னு அவர் சொல்வாராம்.

ஆச்சிக்கு 58 ஆனதும் வேலை முடிஞ்சது. வேலை முடிஞ்சா லயத்து வீட்டைக் காலி பண்ணணும். பிள்ளைகள்ல ஒருத்தர் தோட்டத்துல பேரு குடுத்தாத்தான் வீடு நிக்கும். அப்பாவும் சித்தப்பாவும் அப்ப திருப்பூர்ல இருந்தாங்க. அதனால ஆச்சி "ஊருக்கு" போச்சு. அந்த ஊருல ஆச்சி அதுக்கு முன்னாடி மொத்தமா ஒரு மாசம் இருந்திருக்குமான்னு தெரியல, கல்யாணத்துக்கும் கொடைக்கும் போனதுதான். அங்க அதுக்குப் பேரு மூணாறுக்காரி. இங்க இருந்த காலமெல்லாம் பாண்டி. வெயில் தாங்காம ரெண்டு சேலையை நனைச்சு வாசல்ல தொங்கவிட்டு அதுக்குப் பின்னாடியே உக்காந்திருக்குமாம். மூணாவது வருஷம் செத்துப்போச்சு.

அம்மா இன்னைக்குத்தான் சொன்னா: ஆச்சி மலையில இருந்தப்போ சொன்ன ஒப்பாரியில எல்லாம் கயத்தாறு, கோவில்பட்டி, கடம்பூர்னு வரும். ஊருக்குப் போன பிறகு அங்க ஒரு எழவுக்கு ஒப்பாரி சொல்லச் சொன்னப்போ, அதுல மூணாறுப் பக்கத்து நல்லதண்ணி ஆறும் குண்டளையும் வந்துச்சாம். கேட்டிருந்த பொம்பளைகளுக்கு ஒண்ணும் புரியல. "இவ எந்த ஊரைச் சொல்லி அழுறா?"ன்னு கேட்டாங்களாம்.

பதிவு பண்ணி வெக்கல. போனே அப்ப எங்ககிட்ட இல்ல.

மறையூர்ச் செல்வி (செவ்வாய் இரவு 10.30)

அக்கா. படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல.

பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிஞ்சு 70 பேர் போனாங்களே, அவங்கள்ல நிறையப் பேருக்கும் கயத்தாறுதான பூர்வீகம்? பிள்ளைகளோட மலையிலேயே அடக்கம் பண்ணாங்க. கீழேருந்து சொந்தக்காரங்க வந்து நின்னப்போ எந்த ஊரைச் சொல்லி அழுதாங்களோ.

கொழுந்துக்கூடை (செவ்வாய் இரவு 10.44)

ரெண்டு ஊரையும் சொன்னாங்க செல்வி. நான் அங்க இருந்தேன்.

கட்டப்பனை ஜோ (புதன் காலை 6.50)

கொழுந்துக்கூடை, அந்தப் பன்னெண்டாம் கிளாஸ் குட்டியிடம் நாவல் தேட வேண்டாம்னு சொல்லுங்க. அவளிடம் போன் உண்டல்லோ. லயத்துல இன்னும் பாடத் தெரிஞ்ச பாட்டிகள் எத்தனை பேர்னு எண்ணிட்டு வரட்டும். மன்னான் கூத்துக்கு நான் உதவி செய்யலாம், அங்க எனக்கு ஆள் உண்டு. ஆனா அனுமதி கேட்டுத்தான் ரெக்கார்டு பண்ணணும். கேட்காமல் எடுத்துட்டுப் போனவங்க மேல அவங்களுக்கு நல்ல கோபம் உண்டு, நியாயமான கோபம்.

கொழுந்துக்கூடை (புதன் காலை 7.15)

அவகிட்ட இழையைக் காமிச்சேன். முதல் கேள்வியே "எங்க பாட்டி மலையாளத்துலயும் பாடும், அது கணக்குல வருமா?"

வரும்னு சொல்லிட்டேன். சரிதானே?

தினைப்புனம் (புதன் காலை 7.40)

சரிதான். தமிழ் எழுத்தில் மலையாளப் பாட்டை எழுதும்போது ஒலி எங்கே இடறுகிறது என்று அந்தப் பெண்ணைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கும்.

போடிமெட்டு மணி (புதன் காலை 9.12)

இம்புட்டுப் பேசியாச்சு, சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு யாரெல்லாம் வாறீக? வருஷத்துல அந்த ஒரு நாள்தான் தொறப்பாங்க. குமுளியிலருந்து ஜீப்பு உண்டு. நடக்கத் தெம்பிருக்கவுக பளியங்குடி வழியா எங்களோட ஏறுங்க. செல்வி புள்ள, உங்க ஊரு கருப்பட்டி, சரி சர்க்கரை, எதுவோ ஒண்ணு கொண்டுவாங்க.

மறையூர்ச் செல்வி (புதன் காலை 9.20)

வெல்லம் அண்ணே. கருப்பட்டி பனையில. மறையூர்க்காரிகிட்ட இதைச் சொல்லலாமா!

தினைப்புனம் (புதன் காலை 9.45)

முழங்கால் ஒத்துழைத்தால் ஜீப்பில் வருகிறேன். வேங்கை மரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

போடிமெட்டு மணி (புதன் காலை 9.58)

ஐயா வாங்க, கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் ஒண்ணு கவனிங்க: பிளாஸ்டிக் பாட்டிலை வனத்துறை செக்போஸ்ட்ல வாங்கிப் போட்டுருவாங்க. தண்ணிக்குத் தூக்குவாளி கொண்டாங்க. எங்கம்மாகிட்ட பழசு நாலு கெடக்கு.